ஆறாவது மேடு

பியோ புன்னி தன் அறுபத்தொன்றாம் வயதில் ஒரு சமாதி மேட்டின் மேல் விழுந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திக் கழுத்துத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னால் யாரோ கனைப்பது கேட்டது.

"ஏம்மா, அழுது முடிச்சாச்சா? இல்ல இன்னும் இருக்கா?"

திரும்பினாள். எழுபது கடந்த ஒருவர் நின்றிருந்தார். வைக்கோல் தொப்பி, முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், தோளில் புல்வெட்டும் எந்திரம்.

"உங்களுக்கு என்ன வந்துச்சு? எங்க வீட்டுப் பெரியவரு. நூத்திப் பதினோரு வருஷம் கழிச்சு வந்திருக்கேன். நிம்மதியா அழக்கூட விடமாட்டீங்களா?"

"தாராளமா அழு. நான் வேணாம்னா சொன்னேன்? ஆனா அது எங்கப்பா உருளைக்கிழங்கு போட்டு மூடி வச்ச குழி. அம்பது வருஷமா அதுல ஒரு கிழங்கு கிடையாது. அதுக்காக அழுத மொத ஆளு நீதான்."

புன்னி மேட்டைப் பார்த்தாள். இரண்டு மணி நேரம் அரிவாளால் அறுத்து, முள்ளைப் பிடுங்கி, உச்சியைச் சீவி, பிறந்த குழந்தையின் தலை மாதிரி வழவழவென்று ஆக்கியிருந்தாள். முன்னால் ஒரு காய்ந்த மீன், ஒரு ஆப்பிள், காகிதக் கோப்பையில் சோஜு சாராயம். பாதி பாட்டில் சோஜுவை மேட்டைச் சுற்றி ஊற்றியும் ஆகிவிட்டது.

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ அவ்வளவு உருக்கமா அழுதியா, எனக்கே சந்தேகம் வந்துருச்சு, அப்பா கிழங்குதான் புதைச்சாரான்னு."

அவர் பெயர் மெங் துஹோ. கீழே தெரிகிற முட்டைக்கோஸ் நிலமும் நீலக்கூரை வீடும் அவருடையவை. அவள் யார், எதற்கு வந்தாள் என்று கேட்டார். புன்னி உடனே சொல்லவில்லை. கிழங்குக் குழிக்கு அழுத வெட்கம் காது மடலில் சுட்டுக்கொண்டிருந்தது. இருபத்தாறு வருஷம் சுரங்க வாசலில் ஓடும் பட்டையின் முன்னால் நின்று கரிக்குள்ளிருந்து கல்லைப் பொறுக்கிய பெண் அவள். கரியும் கறுப்பு, கல்லும் கறுப்பு. மினுக்கத்தில் மட்டும்தான் வித்தியாசம். அந்தக் கண்ணே ஏமாந்துவிட்டது.

அவளை அனுப்பியது அண்ணன் சாங்கில். நிலக்கரித் தூசி நுரையீரலில் இறுகிப் போனவர்களுக்கென்று இருக்கிற ஆஸ்பத்திரியில் மூன்று வருஷமாகக் கிடக்கிறார். மூக்கில் எந்நேரமும் பிராணவாயுக் குழாய். கழிப்பறைவரை நடந்து வந்தால் அரைமணி நேரம் பேச்சு வராது. இலை உதிர்ந்து முடிகிறவரை தாங்கினால் அதிகம் என்று டாக்டர் புன்னியை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் சொல்லாமலே சாங்கிலுக்குத் தெரிந்திருந்தது.

சாவைப் பற்றி அவர் அலட்டிக்கொள்ளவில்லை. சுரங்கத்தில் முப்பத்தொரு வருஷம் இருந்தவருக்கு அது பக்கத்து வீட்டுக்காரன். அவரை அரித்தது வேறு. அவர் மூத்த மகன். அவர் அப்பாவும் மூத்த மகன். செத்துப்போன பெரியவர்களுக்கெல்லாம் அவரவர் செத்த நாளில் திதி வைத்துச் சோறு போடுவது அவர் கடமை. எல்லாருக்கும் நாள் இருந்தது, கொள்ளுத்தாத்தா பியோ ஒக்சே ஒருவரைத் தவிர. அவர் எங்கே, என்றைக்குச் செத்தார் என்று யாருக்கும் தெரியாது. அப்படிப்பட்டவர்களுக்கென்று பொதுவாக ஒரு நாள் உண்டு, ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் தேதி. பியோ வீட்டில் மூன்று தலைமுறையாக அன்றைக்குத்தான் அவருக்குப் படையல்.

"அன்னைக்கு நாள் தெரியாமச் செத்தவன் அத்தன பேருக்கும் சோறு. பஸ் ஸ்டாண்டுக் கூட்டம் மாதிரி முண்டியடிப்பானுங்க. அதுல நம்ம ஆளுக்கு ஒரு வாய் கெடச்சுதோ இல்லையோ," என்பார் சாங்கில். "நான் அங்க போய்ச் சேர்ந்தா எல்லாரும் வரிசையா வந்து நிப்பாங்க. அவரு மட்டும் ஒதுங்கி நிப்பாரு, எலும்பும் தோலுமா. நான் என்னைக்குச் செத்தேன்னுகூடத் தெரியாதாடா உனக்குன்னு கேட்டா மூஞ்சிய எங்க வச்சுக்குவேன்?"

"அவரு கேக்க மாட்டாரு. நீ இருமுற இருமல்ல அவரே பயந்து ஓடிருவாரு," என்பாள் புன்னி.

ஒக்சேயைப் பற்றிக் குடும்பத்துக்குத் தெரிந்தது ஒரு கைப்பிடிதான். மெபோங் கணவாய்க்கு அந்தப் பக்கம் சுக்கோல் என்கிற ஊரில் திரித்துப்பாக்கி வேட்டைக்காரர். காட்டுப்பன்றி, மான், அபூர்வமாகக் கரடி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழில், நாட்டுக்குள் புகுந்திருந்த ஜப்பான்காரர்கள் ராஜாவின் பட்டாளத்தைக் கலைத்தார்கள். அடுத்து, வேட்டைக்காரர்கள் துப்பாக்கியைக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். ஒக்சே துப்பாக்கியை எடுத்துக்கொண்டு நேர் எதிர்த் திசையில் நடந்துபோய் ஊர்ப்படையில் சேர்ந்தார். சம்பளம் கிடையாது, உடுப்பு கிடையாது, தோற்றால் ஓடி ஒளிய மலை மட்டும் உண்டு, அப்படி ஒரு படை. மறு வருஷம் சுக்கோல் ஊரையே கொளுத்தினார்கள். அவருடைய பெண்டாட்டி இரண்டு வயதுப் பையனை முதுகில் கட்டிக்கொண்டு மூன்று முகடு தாண்டி நடந்தாள். போன இடத்தில் புருஷன் பேதியில் செத்தான் என்று சொல்லி வைத்தாள். உண்மையைச் சாகும்போதுதான் மகனிடம் சொன்னாள். மகன் காட்டை எரித்துச் சோளம் விதைத்துப் பிழைத்தான். பேரன் சுரங்கத்துக்குள் இறங்கினான். அடுத்து சாங்கில் இறங்கினார். புன்னியின் புருஷன் இறங்கி, மேலே வரவில்லை. அந்த வாசலில்தான் புன்னிக்குக் கல் பொறுக்கும் வேலை கொடுத்தார்கள்.

சாங்கில் பதினொரு வருஷம் கடிதம் எழுதினார். நடக்க முடிந்தபோது ஒவ்வொரு அலுவலகமாக நேரில் போனார். முடியாதபோது ஆஸ்பத்திரி நர்ஸைக் கெஞ்சி அவள் கம்ப்யூட்டரில் தேடச் சொன்னார். போன வசந்தத்தில் ஆவணக் காப்பகத்திலிருந்து ஒரு நகல் வந்தது. ஜப்பானியக் காவற்படை அந்தக் காலத்தில் எழுதிய அறிக்கையில் ஒரு பத்தி. யாரோ மொழிபெயர்த்து அடியில் எழுதியிருந்தார்கள். புன்னிக்கு அது மனப்பாடம்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு ஆகஸ்ட் பதினெட்டு. பாம்கோல் வடக்கு முகடு. கலகக்காரர் சுமார் இருபது பேரைத் துரத்தினோம். ஒருவன் மட்டும் பாறை மறைவில் பின்தங்கிச் சுட்டான். ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னேற முடியவில்லை. அவன் கொல்லப்பட்டான், மற்றவர் தப்பினர். பிடிபட்ட ஒருவன் பிற்பாடு சொன்னதன்படி, கொல்லப்பட்டவன் பியோ ஒக்சே, வேட்டைக்காரன், வயது இருபத்தொன்பது. சடலம் அங்கேயே விடப்பட்டது."

இதைப் படித்த மறுநாள் சாங்கில் ஆரம்பித்தார்.

"திரித்துப்பாக்கி புன்னி. ஒரு தடவ சுட்டா மருந்து கெட்டிச்சு, குண்டு போட்டு, திரியப் பத்த வச்சு... அதை வச்சுக்கிட்டு ஒரு மணி நேரமா! நம்ம வீட்டுலயா இப்படி ஒரு ஆளு?"

நர்ஸிடம் சொல்லி அந்தத் தேதியைச் சந்திரக் கணக்குக்கு மாற்றினார். ஏழாம் மாதம் இருபத்திரண்டு.

"அதே நாள்ல போ. பாம்கோல் வடக்கு முகட்டுல ஒரு பிடி மண் எடுத்துட்டு வா. ஒடம்பத்தான் அங்கயே போட்டுட்டுப் போயிட்டானுங்க, நரி தின்னிருக்கும். அந்த மண்ண வச்சு நம்ம மலையில ஒரு மேடு கட்டி, கல்லுல தேதி வெட்டிட்டா நான் போயிருவேன்."

இப்படித்தான் புன்னி இன்று காலை முதல் பஸ்ஸில் பாம்கோலில் இறங்கியது. மண் எடுக்க வந்தவள் வழியில் கேட்பாரற்ற ஒரு மேட்டைப் பார்த்தாள். யாராவது புதைத்திருக்கலாமே என்று மனசு துள்ளிவிட்டது. மீதி நடந்தது கிழங்குக் குழிக்குத் தெரியும்.

துஹோவிடம் கடைசியில் பாதிதான் சொன்னாள். ஊர்ப்படையில் இருந்த கொள்ளுத்தாத்தா, வடக்கு முகடு, ஒரு பிடி மண். பெயரும் தேதியும் சொல்லவில்லை.

"மண்தானே? ஒரு லாரி எடுத்துக்க," என்றார் துஹோ. "ஆனா வழி காட்ட நான் வரமுடியாது. சமாதிப் புல் வெட்டணும். சாயங்காலம் வீட்டுல திதி."

"யாருக்கு?"

"எங்க சின்னத் தாத்தா ஒருத்தரு."

"இன்னைக்கா?"

"இன்னைக்குத்தான். ஏழாம் மாசம் இருபத்திரெண்டு."

புன்னி அரிவாளைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றிக்கொண்டே இருந்தாள். அந்தத் துணிக்கு அவ்வளவு சுற்று தேவையில்லை. வருஷத்தில் எந்த நாளை எடுத்தாலும் யாராவது செத்திருப்பார்கள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மினுங்கியதெல்லாம் கரி இல்லை. இன்னொரு தடவை கிழங்குக்கு அழ மாட்டாள்.

"நானும் வரேன்," என்றாள். "அரிவாள் இருக்கு. புல் அறுத்துத் தரேன்."

"கிழங்குக் குழியில ருசி கண்டுட்டியா?"

மெங் வீட்டுச் சமாதிகள் வடக்கு முகட்டின் அடிச்சரிவில் இருந்தன. கீழ் வரிசையில் இரண்டு, மேல் வரிசையில் மூன்று, ஐந்தும் தெற்குப் பார்த்து, காலடியில் ஓடையும் முதுகில் மலையுமாக ஒழுங்காக இருந்தன. அவற்றுக்கும் மேலே, பைன் மரங்கள் தொடங்குகிற இடத்தில், தனியாக ஆறாவது. அது தெற்கைப் பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டு தோளைத் திருப்பியவன் மாதிரி வடகிழக்கே பார்த்தது.

"இவரு மட்டும் ஏன் முறுக்கிக்கிட்டு நிக்கிறாரு?"

"பொதச்சவங்க குடிச்சிருப்பாங்கன்னு எங்கப்பா சொல்வாரு. சமாதிக்கு நிலம் பாக்குறவரு ஒருத்தர் வந்துட்டு, இப்படிப் பொதச்சா வம்சம் வெளங்காதுன்னு கத்தினாரு. அவரு வம்சம்தான் வெளங்கல, போன வருஷம் பையன் சூதாட்டத்துல கடையத் தோத்துட்டான்."

புன்னி அந்த மேட்டின் தலைமாட்டில் போய் நின்றாள். செத்தவர் எதைப் பார்க்கிறாரோ அதைப் பார்த்தாள். வடகிழக்கே இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளம், கழுதை முதுகு மாதிரி வளைந்து தெரிந்தது.

"அது என்ன கணவாய்?"

"மெபோங்."

அதற்கு அந்தப் பக்கம்தான் சுக்கோல். கொளுத்தப்பட்ட ஊர். அவள் மேட்டின் பக்கம் திரும்பினாள்.

"உங்க சின்னத் தாத்தா பேரு என்ன?"

"மெங் கீசாங். வம்சப் புத்தகத்துல இருக்கு."

"எந்த வருஷம் பொறந்தாரு?"

"அது போடல."

"பொண்டாட்டி?"

"கட்டல."

"செத்த வருஷம்?"

துஹோ எந்திரத்தை முடுக்கினார். அது கத்தியது. புன்னி காத்திருந்தாள். பட்டை ஓடும்போது கத்தலுக்கு நடுவில் நிற்பது அவளுக்குப் பழக்கம். ஐந்து மேட்டையும் வெட்டி முடித்து ஆறாவதுக்கு வந்தபோது அவர் எந்திரத்தை நிறுத்தினார். இதை அவர் எந்திரத்தால் வெட்டுவதில்லை. இடுப்பிலிருந்து அரிவாளை எடுத்துக் குந்தி உட்கார்ந்து கையால் அறுத்தார்.

"இதுக்கு மட்டும் ஏன் கை?"

"எங்கப்பா அப்படித்தான் செய்வாரு. அவரு அப்பா அப்படிச் செஞ்சாராம்." அறுத்தபடியே சொன்னார். "நீ பொம்பளயா, போலீஸா? சரி, கேட்டுக்க. எங்க தாத்தாவுக்குத் தம்பியே கிடையாது. ஒத்தப் பிள்ள. எழுபத்தி நாலுல வம்சப் புத்தகத்தப் புதுசா அச்சடிச்சாங்க. உங்க மலையில ஆறு மேடு இருக்கு, புத்தகத்துல அஞ்சு பேருதானே இருக்கு, ஆறாவது யாருன்னு பங்காளிங்க கேட்டாங்க. எங்கப்பாவுக்குத் தெரியல. தெரியாதுன்னு சொன்னா அசிங்கம். கல்யாணமாகாத சித்தப்பா, பேரு கீசாங்னு அவரே ஒண்ண வச்சு எழுதிட்டாரு."

"அப்ப இது யாரு?"

"தாத்தா சொல்லல. சாகும்போதுகூடச் சொல்லல. இந்த நாள்ல சோறு வை, கையால புல் அறு, ஏன்னு கேக்காத, இவ்வளவுதான் எங்கப்பாகிட்ட சொன்னது. ஜப்பான்காரன் இருந்தவரைக்கும் வாயத் தொறந்தா வீட்டக் கொளுத்திருவான். அப்புறம் போர். அப்புறம் தாத்தாவே போயிட்டாரு. திதி வைக்கும்போது செத்தவங்க பேரத் தாள்ல எழுதி நடுவுல நிறுத்துவோம்ல? இவருக்கு மட்டும் வெத்துத் தாள். எழுத்துத் தெரியாத மனுஷன் இல்ல எங்க தாத்தா. மத்தவங்க பேரெல்லாம் முத்து முத்தா எழுதுவாரு. இவருக்கு வெத்துத் தாள நிறுத்தி, கும்பிட்டு, வெத்துத் தாளயே எரிப்பாரு. நாங்களும் அதையேதான் செய்யிறோம். பங்காளிங்க முன்னாடி மட்டும்தான் கீசாங்."

புன்னி பையைத் திறந்து நகலை எடுத்தாள். படிக்கவில்லை, மனப்பாடமாகச் சொன்னாள். ஆகஸ்ட் பதினெட்டு என்று சொன்னதும், "அதாவது சந்திரக் கணக்குல ஏழாம் மாசம் இருபத்திரெண்டு," என்று சேர்த்துச் சொன்னாள். வடக்கு முகடு. பாறை மறைவு. ஒரு மணி நேரம். சடலம் அங்கேயே விடப்பட்டது.

அவர் ஊர் கணவாய்க்கு அந்தப் பக்கம் சுக்கோல் என்றும் புன்னி சொன்னாள். துஹோ அரிவாளைக் கீழே வைத்தார். கையை மேட்டின் மேல் வைத்தார், மாட்டின் முதுகில் வைப்பது போல. இவ்வளவு வருஷம் அந்தப் புல்லை அறுத்த கை. அப்புறம் அந்தப் பள்ளத்தைப் பார்த்தார்.

"ஊருக்குத் திரும்புற வழி," என்றார். "குடிச்சிட்டுப் பொதைக்கல." அவருக்கு முகம் சிவந்தது. "எங்க தாத்தாவுக்கு அப்ப வயசு பத்தொன்பது. கல்யாணமாகி ஒரு வருஷம். ஜப்பான்காரன் ஊருல முகாம் போட்டிருக்கும்போதா இந்த ஒடம்ப முதுகுல தூக்கிட்டு வந்தாரு! தன் வீட்டுச் சமாதிங்களோட சேத்து!"

நரி தின்னிருக்கும் என்று அண்ணன் சொன்னதுதான் புன்னியின் காதில் ஓடியது.

திடீரென்று துஹோ எழுந்தார். குரல் மாறிவிட்டது.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க? தோண்டி எடுத்துட்டுப் போவீங்களா?"

"நான் மண் எடுக்க வந்தவ, ஐயா."

"இன்னைக்கு மண்ணும்பீங்க, நாளைக்கு எந்திரத்தோட வருவீங்க. உங்க ரத்தம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா எங்க வீட்டுச் சோறு தின்னவரு. என் கல்யாணத்தன்னைக்குக் காலையில இவருக்குத்தான் மொதக் கும்பிடு. என் பையன் பட்டாளத்துக்குப் போறப்ப இங்கதான் சொல்லிட்டுப் போனான். அவர எடுத்துட்டுப் போயிட்டா ஏழாம் மாசம் நாங்க என்ன செய்யிறது?"

"எங்கண்ணன் சாகக் கெடக்கு," என்றாள் புன்னி. "அதுக்குத் தேதியும் இடமும் வேணும். அவரு பட்டினி கெடந்தாரான்னு தெரியணும். அவ்வளவுதான். மிச்சத்த அதுதான் சொல்லணும். நான் பொம்பள. எங்க வீட்டுல படையலுக்குச் சமைச்சிருக்கேன், ஒரு நாளும் கும்பிட்டதில்ல."

துஹோ அவளைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். நகக்கண்ணில் கரி இன்னும் போகவில்லை. வேலையை விட்டு ஒன்பது வருஷம் ஆகியும் போகாத கரி.

"சரி, வா," என்றார். "வெறும் வயித்துல இதெல்லாம் பேசக்கூடாது."

துஹோவின் மனைவி மல்சுன் அடுப்படியில் நின்றபடியே முழுக் கதையையும் கேட்டாள். எண்ணெய்ச் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கேட்டு முடித்து, "நான் அப்பவே சொன்னேன்ல," என்றாள்.

"என்னத்தச் சொன்ன?"

"கீசாங்கும் இல்ல பூசாங்கும் இல்லன்னு. கட்டிக்கிட்டு வந்த வருஷமே மாமியார் சொல்லிக் குடுத்தாங்க. இந்தத் திதிக்கு மட்டும் வாசக் கதவத் தொறந்து வை, சோத்த ஒரு கரண்டி கூட வை, வேகவச்ச உருளைக்கிழங்கு மூணு வைன்னு. சொந்தக்காரனுக்கு எவன் கதவத் தொறந்து வைப்பான்? அவனுக்குத்தான் வழி தெரியுமே. தூரத்துல இருந்து வந்தவருக்குத்தான் தொறந்து வைக்கணும்." புன்னியைப் பார்த்தாள். "நீ கிழங்குக் குழிக்கா அழுத?"

"ஆமா."

"நல்லா அழுதியாம்ல. இவரு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. இந்தா, இந்தக் கிழங்க உரி."

புன்னி கிழங்கு உரித்தாள். மல்சுன் வேலைக்கு நடுவில் துண்டு துண்டாகச் சொல்லிக்கொண்டே போனாள். எல்லாம் அவள் மாமியார் சொன்னது. விளைந்த அரிசியையெல்லாம் ஜப்பான்காரன் வாரிக்கொண்டு போன வருஷங்களில், வீட்டுப் பிள்ளைகள் புல்வேரைக் கடித்துக்கொண்டு கிடந்தபோதும், ஒரு கைப்பிடி அரிசி கூரையில் ஒளித்து வைத்திருக்கும். அது இந்த நாளுக்கு. போர் வந்து தெற்கே ஓடியபோது ஏழாம் மாதம் ஒரு பாலத்தடியில் வந்தது. அரிசி இல்லை. துஹோவின் தாத்தா யாரிடமோ வாற்கோதுமைக் கஞ்சி ஒரு கோப்பை வாங்கிவந்து, சிகரெட் அட்டையின் வெள்ளைப் பக்கத்தைக் கிழித்து நிறுத்திக் கும்பிட்டார். மேலே விமானம் போய்க்கொண்டிருந்ததாம்.

"ஒரு வருஷமாவது விட்டதுண்டா?" என்று கேட்டாள் புன்னி.

"எங்க மாமனார் தகப்பனுக்கே ஒரு வருஷம் விட்டுப்போச்சு, வெள்ளத்துல. இவருக்கு விடல."

புன்னி கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தாள். வேலை செய்தே தேய்ந்த வம்சம் அவளுடையது. அவளுக்குத் தெரிந்த மனிதர்கள் நல்லவர்கள்தான், ஆனால் பசித்தால் பங்கு போட யோசிப்பவர்கள். அவளும் யோசித்திருக்கிறாள். இங்கே ஒரு வீடு, பெயர் தெரியாத ஒருவனுக்கு, பிள்ளைகள் வாயிலிருந்து எடுத்து, நூற்றுப் பதினோரு தடவை சோறு போட்டிருக்கிறது. செய் என்று கேட்க ஒருவரும் இல்லை, பார்த்துப் பாராட்டவும் ஒருவரும் இல்லை. மலையைப் பார்த்தால் வருகிற மாதிரி ஒரு பயம் அவளுக்கு வந்தது. அடுத்த கிழங்கைச் சத்தமில்லாமல் எடுத்து உரித்தாள்.

பொழுது சாய்ந்ததும் கூடத்தில் மேசையைப் போட்டார்கள். சோறு, சூப், மீன், கீரை, பேரிக்காய், மூன்று கிழங்கு. வாசல் கதவு விரியத் திறந்திருந்தது. துஹோ வெள்ளைத் தாளை வெட்டிக் கொண்டுவந்தார். வழக்கம்போல மடித்து நிறுத்தப் போனவர் நின்றார். தூரிகைப் பேனாவைத் தேடி எடுத்து புன்னியிடம் நீட்டினார்.

"நீ எழுது."

"திதித் தாள்னா சீன எழுத்துல எழுதணும், எனக்கு அது தெரியாது. எங்கண்ணன்தான் எழுதும்."

"நம்ம எழுத்துலயே எழுது. அவரு என்ன பள்ளிக்கூடமா போனாரு, வேட்டைக்காரரு."

புன்னி ஈரத் துணியில் கையைத் துடைத்தாள். மூன்று தடவை துடைத்தாள். எழுதினாள். எழுத்து கோணலாக, பெரிதாக வந்தது. பியோ ஒக்சே. துஹோ அதை நடுவில் நிறுத்திவிட்டு இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தார். மல்சுன் அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்று பார்த்தாள்.

"ஒக்சே," என்று துஹோ ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். எழுபத்திரண்டு வயதில் சின்னத் தாத்தாவின் பெயரைத் தெரிந்துகொண்டார்.

பிறகு, "மொதல்ல நீ கும்பிடு," என்றார்.

புன்னி விழுந்து கும்பிட்டாள். செத்தவர்களுக்கு இரண்டு தடவை. எழுந்திருக்கும்போது முழங்கால் சத்தம் போட்டது.

போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேசை ஓரத்தில் வைத்தாள். முதலில் பிராணவாயு ஓடும் உஸ்ஸென்ற சத்தம். அப்புறம், "மண்... எடுத்தியா?"

"மண் வேணாம், அண்ணே. ஆளே இருக்காரு."

சொன்னாள். வரிசையாக, ஒன்றையும் விடாமல், கிழங்குக் குழியையும் விடாமல். கிழங்குக் குழியில் சாங்கில் சிரித்து, சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கக் காத்திருந்தார்கள். கூரையில் ஒளித்த அரிசியையும் பாலத்தையும் சொன்னபோது அந்தப் பக்கம் உஸ்ஸென்ற சத்தம் மட்டும்தான்.

"அண்ணே, கேக்குதா? அவரு பட்டினி கெடக்கல. ஒரு வருஷம்கூட."

சாங்கிலின் குரல் வந்தது. "மெங் ஐயா... இருக்காரா?"

"இருக்கேன்," என்றார் துஹோ. போனுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நேரடியாக் கேட்டுடறேன். எடுத்துட்டுப் போகப் போறீங்களா?"

"எதுக்கு?" ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. "எங்ககூட இருந்தா... கரித்தூசிதான் தின்னிருப்பாரு. அங்கயே... இருக்கட்டும். வருஷா வருஷம்... ஒரு தட்டு நாங்களும் கொண்டு வரோம். நான் இல்லைன்னா... இவ வருவா."

துஹோ தலையாட்டினார். போனில் தலையாட்டுவது தெரியாது என்று மல்சுன் முதுகில் இடித்தாள். "சரி, சரின்னு சொல்றேன்," என்றார் உரக்க.

"ஐயா... அப்படியே... உக்காந்திருங்க."

கட்டில் கிரீச்சிட்டது. எதுவோ உருண்டு விழுந்தது. தூரத்தில் ஒரு பெண் குரல் கத்தியது. "சாங்கில் ஐயா! குழாயப் புடுங்கிட்டு எங்க எறங்குறீங்க? ஐயா!" உஸ்ஸென்ற சத்தம் இப்போது தனியாக, எட்டத்தில் கேட்டது. அப்புறம் சிமெண்டுத் தரையில் முழங்கால் படும் சத்தம். உள்ளங்கை. நெற்றி.

ஒன்று.

உயிரோடு இருப்பவர்களுக்கு ஒரு கும்பிடு. துஹோ உட்கார்ந்த இடத்திலேயே இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தலையைத் தாழ்த்திப் பதில் கும்பிடு போட்டார். முடிந்தது என்று நிமிரப் போனவர், மறுபடி சத்தம் கேட்டுக் குனிந்தபடியே இருந்தார். இழுத்து இழுத்து மூச்சு. முழங்கால், உள்ளங்கை, நெற்றி. இரண்டு. நர்ஸின் கத்தல் நின்றுவிட்டது. அவளும் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் போல. வெகுநேரம் கழித்து இன்னொரு தடவை. மூன்று.

"பிந்தின ரெண்டு எனக்கில்ல," என்றார் துஹோ மெதுவாக. "தாத்தாவுக்கு."

அவர் எழுந்து நின்றுகொண்டார். தன் தாத்தாவுக்கு விழுந்த கும்பிடுக்கு முன்னால் தான் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ.

நர்ஸ் போனை எடுத்தாள். படுக்கவைத்துவிட்டதாகவும், குழாயை மாட்டிவிட்டதாகவும், இனிமேல் இப்படிச் செய்தால் தன் வேலை போய்விடும் என்றும் சொன்னாள். ஐயா ஏதோ சொல்ல வேண்டுமாம் என்றாள்.

"புன்னி." சாங்கிலின் குரல் மிகத் தேய்ந்திருந்தது, ஆனால் அதில் பழைய கேலி இருந்தது. "ஒன்பதாம் மாசம் ஒன்பது... பஸ் ஸ்டாண்டு... இனிமே வேணாம்."

"வேணாம், அண்ணே."

"நான் போனா... அவரு ஒதுங்கி நிக்க மாட்டாரு."

"குண்டா இருப்பாரு. உனக்கு அடையாளமே தெரியாது."

மல்சுன் தாளை எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்தாள். துஹோ தீக்குச்சி கிழித்தார். எழுத்துள்ள தாள் அந்த வீட்டு வாசலில் முதல் தடவையாக எரிந்தது. பெயரின் "சே" கடைசியாகக் கறுத்துச் சுருண்டது. சாம்பல் மேலே போய், கொஞ்சம் வடகிழக்கே சாய்ந்த மாதிரி புன்னிக்குத் தோன்றியது. காற்று அந்தப் பக்கம்தான் அடித்துக்கொண்டிருந்தது.

"வாங்க, சூப் ஆறுது," என்றாள் மல்சுன். "அவரு தின்னாச்சு. இப்ப நம்ம தின்னணும்."

புன்னி சாப்பிட உட்கார்ந்தாள். மண் எடுக்கக் கொண்டுவந்த துணிப்பை வாசற்படியில் காலியாகக் கிடந்தது. மறுநாள் காலை மல்சுன் அதில் உருளைக்கிழங்கு நிரப்பிக் கொடுத்தாள்.